மூளையை வரைந்த கஹால்

நமது மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாக அறிஞர் கணக்கிட்டிருக்கின்றனர். அவை தனித்தனி அணுக்கள் என்பது இன்று பள்ளிப் பாடம். ஆனால் 1880-ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் பலர் அவ்வாறு கருதவில்லை. மூளை முழுவதும் இடையறாது பின்னிக் கிடக்கும் ஒரே வலை என்பதே அவர்கள் கொள்கை. அதனை மறுத்து நின்றவர் ஸ்பெயின் நாட்டு சாந்தியாகோ ரமோன் இ கஹால்.

அவர் 1852-இல் பெட்டில்லா என்னும் மலைச் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் மருத்துவர், மகனும் மருத்துவனாக வேண்டும் என்பது அவர் உறுதி. மகனுக்கோ ஓவியத்தின்மீதே தீராத மோகம். பள்ளியில் அடியும் தண்டனையும் மிகுதியாகப் பெற்றான். நாவிதரிடத்தும் செருப்புத் தைப்பவரிடத்தும் தொழில் பழக அவனைத் தந்தையார் அனுப்பியதும் உண்டு. பாடப் புத்தகத்தின் ஓரத்தில் படம் கீறும் பிள்ளைகளைப் பல்லாண்டுகள் கண்டவன் நான். அவர்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று எங்கள் ஆசிரியப் பயிற்சியில் எவரும் சொல்லித் தந்ததில்லை!

பின்னர்த் தந்தையார் பழைய இடுகாட்டிலிருந்து எலும்புகளைக் கொணர்ந்து உடற்கூறு கற்பித்தார். அவற்றை வரைந்து வரைந்தே மகன் பாடத்தில் தேர்ந்தான். விலக்கப்பட்ட கலை கல்வியின் கருவியாயிற்று. 1873-இல் மருத்துவப் பட்டம் பெற்று, படை மருத்துவராகக் கியூபா சென்று, மலேரியாவால் நலிந்து திரும்பினார். படையில் ஈட்டிய பொருளைக் கொண்டு நுண்ணோக்கி ஒன்று வாங்கினார்.

அதே 1873-இல் இத்தாலிய அறிஞர் காமில்லோ கோல்ஜி அரியதொரு முறையை வெளியிட்டிருந்தார். மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட்டிலும் பின்பு வெள்ளி நைட்ரேட்டிலும் ஊறவைத்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில அணுக்கள் மட்டும் கிளைகளோடு கரிய நிறம் பெறும். எல்லாம் கறுத்துவிட்டால் எதுவுமே தெரியாது. சில மட்டும் கறுப்பதே இம்முறையின் பேறு. எனினும் அது பலரால் கவனிக்கப்படாது கிடந்தது. கஹால் 1887-இல் மாட்ரிடில் அதனைக் கண்டு வியந்தார்.

அடுத்த ஆண்டு பார்சலோனாவில் அதனைத் திருத்தமுறச் செய்தார். முதிர்ந்த மூளை அடர்ந்த காட்டை ஒத்தது. அங்கே ஒரு மரத்தைப் பிரித்துக் காண்பது அரிது. இளங்கன்றுகள் நிற்கும் நாற்றங்காலுக்குச் செல்வதே தக்கது என்று தெளிந்து, பறவைக் குஞ்சுகளையும் கருக்களையும் ஆராய்ந்தார். ஒவ்வொரு நரம்பணுவின் இழையும் மற்றொன்றை அணுகி, அதனோடு கலவாமல் முடிவதைக் கண்டார். கண்டதை வெளியிட இதழ் வேண்டுமே! சொந்தச் செலவில் ஓர் இதழைத் தொடங்கி, அறுபது படிகள் அச்சிட்டு அயல்நாட்டு அறிஞர்க்கு அனுப்பினார். ஸ்பானிய மொழியில் வந்த ஏட்டைப் படிப்பார் யார்? ஆகவே 1889-இல் பெர்லினில் கூடிய உடற்கூற்றறிஞர் மாநாட்டிற்குத் தம் நுண்ணோக்கியையும் கண்ணாடித் தகடுகளையும் எடுத்துச் சென்றார். முதுபெரும் அறிஞர் கோலிக்கர் கண்டார், ஏற்றார். இதனை எண்ணுந்தோறும் கோலிக்கரையும் நான் வணங்குகிறேன். எழுபதைத் தாண்டிய வயதில் பழைய கருத்தை மாற்றிக்கொள்வது எளிதன்று.

1906-இல் நோபல் பரிசு கோல்ஜிக்கும் கஹாலுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஸ்டாக்ஹோமில் கோல்ஜி தம் பரிசுரையிலேயே தனி அணுக் கொள்கையை மறுத்துப் பேசினார். மறுநாள் கஹால் தம் சான்றுகளை எடுத்துரைத்தார். அவருக்குக் கண் கொடுத்த முறை கோல்ஜியுடையது என்பதை நாம் மறத்தலாகாது. 1950-ஆம் ஆண்டுகளில் எலக்ட்ரான் நுண்ணோக்கி, அணுக்களிடையே நுண்ணிய இடைவெளி இருப்பதைக் காட்டிற்று. சிலவிடங்களில் அணுக்கள் நேரே இணைந்து மின்னோட்டத்தைக் கடத்துவதும் பின்பு தெரியவந்தது. ஆயினும் கஹாலின் அடிப்படைக் கொள்கை நிலைத்தது.

கஹால் 1934-இல் மாட்ரிடில் காலமானார். அவர் கையால் வரைந்த படங்கள் ஆயிரக்கணக்கில் எஞ்சின. 2017-இல் யுனெஸ்கோ நிறுவனம் அவருடைய ஆவணங்களையும் அவர் வழிவந்த மாணாக்கரின் ஆவணங்களையும் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நரம்பியல் நூல்கள் பல அப்படங்களை இன்றும் எடுத்தாளுகின்றன.