தோட்டத்துக்குப் போன எலிகள்



குளிர் தொடங்கியதும் சுண்டெலிகள் நம் வீட்டுக்குள் குடியேறிவிடுகின்றன. விரல் நுழையும் துளை போதும். நாமும் பசை அட்டை வைக்கிறோம். அதில் சிக்கியது விடிய விடியத் துடித்துச் சாகிறது.

பெரு நாட்டின் லீமா நகரில், தொமினிக்கன் மடத்தில் நோயாளிகளைப் பராமரித்தவர் புனித மார்ட்டின் தெ போரஸ் (1579–1639). மடத்துத் துணிகளை எலிகள் கடித்துக் குதறியபோது மற்றவர்கள் விஷம் வைக்க நினைத்தார்களாம். அவரோ எலிகளைத் தோட்டத்துக்குப் போகச் சொல்லி, தினமும் அங்கே உணவு கொண்டுபோய் வைத்தார் என்பது மரபு. துணி நோயாளிகளுக்கானது, எலிகள் வெளியேறத்தான் வேண்டும். ஆனால் அவற்றை உள்ளே கொண்டுவந்தது பசி என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

மூட்டை மூட்டையாக நெல் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு எரிச்சலூட்டலாம், நியாயம்தான். அரிசி டின்னை இறுக மூடுவோம், துளையை அடைப்போம், கூண்டும் வைப்போம். பசை அட்டை மட்டும் வேண்டாமே.