மறைக்காட்டில் திறந்த கதவு



திருவாரூருக்குத் தேரழகு; வேதாரணியத்துக்கு விளக்கழகு என்பது சோழநாட்டு வழக்கு. திருமறைக்காடு என்னும் அத்தலத்தில், மறைகள் வழிபட்டுத் திருக்காப்பிட்டுச் சென்ற கதவம் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது. அடியார்கள் பக்கத்து வாயில் வழியே சென்று வழிபட்டு வந்தனர். அப்பரடிகள் பதிகம் பாட அக்கதவம் திறந்தது. ஆளுடைய பிள்ளையார் பாட மீண்டும் அடைத்துக்கொண்டது. பூட்டியவர் எவராயினும், அன்பின் முன்னே தாழ் நில்லாது என்பதை அத்தலத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்தவர்கள்.

அவ்வூரின் கடற்கரையெங்கும் உப்பு விளைகின்றது. கண்ணெதிரே விளையும் அவ்வுப்பை ஏழை ஒரு பிடி அள்ளினால் குற்றம் என்றது ஆங்கில அரசின் உப்புச் சட்டம். காய்ச்சுவதும் விற்பதும் அரசின் உரிமை. அதன்மேல் வரி வேறு. கூழுக்கு உப்பிடுபவனும் அவ்வரிக்குத் தப்பவில்லை. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் காந்தியடிகள் தண்டியில் அச்சட்டத்தை மீறினார். ஒரு வாரம் சென்று, ஏப்ரல் 13-ஆம் நாள், இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியம் நோக்கி நடந்தனர். ஏறக்குறைய 150 மைல். நாமக்கல் இராமலிங்கம் பிள்ளை யாத்த நடைப்பாட்டு அவர்கள் வாயில் ஒலித்தது.

அப்போது தஞ்சை மாவட்டத்தின் கலெக்டர் தார்ன் என்னும் ஆங்கிலேயர். கூட்டத்தைத் தடியால் அடித்துக் கலைப்பதைவிடப் பசியால் கலைப்பது எளிது என்று அவர் எண்ணினார் போலும். தொண்டர்களுக்கு உணவோ உறைவிடமோ அளிப்பவர்கள் ஆறு மாதச் சிறைக்கும் அபராதத்துக்கும் ஆளாவார்கள் என்று துண்டுப் பிரசுரங்களாலும் பத்திரிகைகளாலும் தண்டோராவினாலும் ஊர்தோறும் அறிவித்தார்.

இந்த ஆணை எந்த மண்ணில் பிறப்பிக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். அப்பரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்து, பெற்ற மகன் அரவு தீண்டி மாண்டபோதும் அடியார்க்கு இலையிட முனைந்த அப்பூதியடிகளின் திங்களூர் தஞ்சை நாட்டில் இருக்கின்றது. பஞ்சம் வந்தபோது படிக்காசு பெற்று அடியவர்க்கு அமுதளித்த திருவீழிமிழலையும் அந்நாட்டதே. வழிநடந்து வந்தவனுக்குச் சோறிடாதே என்று அந்நாட்டாருக்குச் சட்டம் செய்தவர், உப்புச் சட்டத்தைக் காக்கப் புகுந்து, அதனினும் பழைய ஓர் அறத்தின்மேல் கைவைத்துவிட்டார். அரசியல் அறியாத பாட்டிமாருக்கும் அன்றுதான் அந்த ஆட்சி அந்நியமாகத் தோன்றியிருக்கும்.

நிகழ்ந்தது என்ன? சாலையோரப் புளியமரங்களின் கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. கட்டியவர் எவர் என்று சொல்வார் இல்லை. தொண்டர்கள் ஆற்றங்கரையில் இளைப்பாறும்போது, பெரும் பாத்திரங்களில் உணவு மறைத்து வைக்கப்பட்ட இடத்தை எவரோ குறிப்பால் உணர்த்திச் சென்றனர். எல்லாரும் மறைவாகவே செய்தனர் என்பதும் இல்லை. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தம் இல்லத்திலேயே விருந்தளித்தார்; அதற்காகச் சிறையும் சென்றார். திருத்துறைப்பூண்டியில் இராமச்சந்திர நாயுடுவும் அவ்வாறே விருந்தோம்பிச் சிறைப்பட்டார். பகைவரைக் கொன்றமைக்கன்று, பசித்தவருக்கு அன்னமிட்டமைக்காகச் சிறை!

இதற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. அதை மறைப்பது முறையன்று. தொண்டர்களைத் தொடர்ந்து சென்ற போலீஸாருக்கு ஊரார் உணவு தர மறுத்தனர். நாவிதர்களும் வண்ணார்களும் அவர்களுக்குப் பணி செய்ய மறுத்தனர். வேதாரணியத்து வைரப்பனின் வரலாறு இன்றும் அங்கே சொல்லப்படுகின்றது. பாதி முகம் மழித்த நிலையில், எதிரே அமர்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று அறிந்து கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மீதியையும் மழிக்குமாறு நீதிமன்றம் சொல்லியும் இணங்காமல் ஆறு மாதச் சிறையை ஏற்றார் என்பர். மழித்தலை மறுப்பது ஒன்று; பசித்தவனுக்குச் சோறு மறுப்பது வேறு. அந்தப் போலீஸாரும் இந்நாட்டுப் பிள்ளைகளே, வயிற்றுக்காகச் சேவகம் புரிந்தவர்களே. தம்மைக் குத்திய முத்தநாதனையும் ஊறின்றி ஊர் எல்லை கடத்திவிடச் செய்த மெய்ப்பொருள் நாயனாரின் உயரத்தை அன்று மக்கள் எட்டவில்லை. சினம் அத்தனை மூண்டிருந்தது என்று மட்டுமே சொல்லலாம்.

ஏப்ரல் 28-ஆம் நாள் படை மறைக்காட்டை அடைந்தது. அங்கே அவர்களை எதிர்கொண்டவர், தாயுமானவர் மரபினர் எனப் போற்றப்படும் வேதரத்தினம் பிள்ளை. தாயுமானவரின் தந்தையார் கேடிலியப்பர் மறைக்காட்டுக் கோயிற்பணி பார்த்தவர். பின்னர்த் திருச்சிக்கு அரசப் பணிக்குச் சென்றவர். தந்தையார் மறைக்காட்டிலிருந்து சிராப்பள்ளிக்குப் போன வழியை, இத்தொண்டர்கள் சிராப்பள்ளியிலிருந்து மறைக்காட்டுக்கு நடந்து முடித்தனர்.

ஏப்ரல் 30-ஆம் நாள் வைகறையில் அகத்தியான்பள்ளி உப்பளத்தில் இராஜாஜி உப்பை அள்ளினார். சம்பந்தப் பெருமான் பாடிய பதி அது. அன்றே கைது, ஆறு மாதச் சிறை. ஆயினும் உப்பள்ளும் கைகள் ஓயவில்லை. வேதரத்தினம் பிள்ளையும் சிறைப்பட்டார். அவர் சொத்துக்கள் பறிமுதலாயின. அரசின்பால் மக்களுக்குப் பற்று என ஒன்று இருந்திருந்தால் அது இப்போது மாண்டுவிட்டது என்று தார்ன் துரையே மேலிடத்துக்கு எழுத நேர்ந்தது.

சிறையினின்று மீண்ட இராஜாஜி, 1937-இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். 1939-இல், மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் வைத்தியநாதையர் அரிசன அன்பர்களை அழைத்துச் சென்றபோது, அதற்குக் காப்பாகச் சட்டம் செய்தது அவருடைய அமைச்சரவையே. வேதரத்தினம் பிள்ளையோ 1946-இல், அதே மறைக்காட்டில், ஆதரவற்ற பெண்குழந்தைகள் உண்டு உறங்கிக் கற்கும்படி கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தை நிறுவினார்.