மலைக்குளிரில் புல்லாங்குழல்

கர்நாடகப் புல்லாங்குழலில் ஊதுதுளை ஒன்று, விரல்துளைகள் 8. வயது வந்தபின் பழகத் தொடங்குபவரை முதலில் சோதிப்பது விரலல்ல, உதடு. காற்று துளையின் எதிர்விளிம்பில் மோதிப் பிளந்தால்தான் நாதம் பிறக்கும். பலத்தைக் கூட்டி ஊதினால் தலைசுற்றல்தான் மிச்சம். ஆகவே முதல் சில வாரம் ஒரே சுரம் போதும்: மேலிரு துளைகளை மூடினால் வரும் சட்ஜம். கைக்கு அடக்கமான 5 கட்டைக் குழல் நல்லது.

பதுளை, அப்புத்தளைத் தோட்டங்களில் விடியற்காலையில் பழகுவோருக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. குளிர்காற்றில் ஒலியின் வேகம் குறைவு. 10 பாகை செல்சியஸ் குளிர்ந்தால் சுருதி அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இறங்கும். குழல் பழுதென்று பதறத் தேவையில்லை. சற்று ஊதினால் மூச்சுச் சூட்டில் சுருதி ஏறிவிடும். பழகியபின் உள்ளே தங்கும் ஈரத்தைத் துணி சுற்றிய குச்சியால் துடைக்க வேண்டும். மழைக்காலத்தில் இதை மறந்தால் மூங்கிலில் பூஞ்சணம் பிடிக்கும்.