பழி தீருமுன் பதவி தகுமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பழிச்சொல்லுக்கு ஆளான முன்னாள் படைத்தளபதிகள் அரசாங்கத்தில் உயர் பதவி வகிக்கலாமா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம். இந்த அரசியல் நமக்கெதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் ஊவா மாகாண ஆளுநரின் அலுவலகம் நமது பதுளை நகரிலேயே இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின்படி ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. நம்மை ஒருவரும் கேட்பதில்லை. 2014இல் நம் பெற்றோர் வாக்களித்துத் தெரிவுசெய்த மாகாண சபையின் காலம் 2019இல் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. மக்கள் பிரதிநிதிகள் இல்லாதபோது மாகாணத்தின் அதிகாரம் ஆளுநர் கையில்தான் தங்குகிறது. ஆகவே அந்த நாற்காலியில் அமர்பவர் யார் என்பது லயத்தில் வாழ்பவனுக்கும் உரிய கேள்வியன்றோ?

வடமேல் மாகாணத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2008, 2009ஆம் ஆண்டுகளில் 11 பேர் கடத்தப்பட்டுக் காணாமற்போன வழக்கில் முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட எதிரிகளுள் ஒருவராகப் பெயர் குறிக்கப்பட்டார். அவர் குற்றச்சாட்டை மறுத்தார். 2021 ஒக்டோபரில், அவர்மீது வழக்கை நடத்தப்போவதில்லையெனச் சட்டமா அதிபர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் வடமேல் மாகாண ஆளுநரானார். 2023 மே மாதத்தோடு அப்பதவி முடிந்தது.

அவர் குற்றவாளி என்று நான் சொல்ல வரவில்லை. சொல்லும் உரிமை எனக்கில்லை. எந்த நீதிமன்றமும் அவ்வாறு தீர்க்கவில்லை. ஆனால், குற்றமற்றவர் என்றும் விசாரித்து எந்த நீதிமன்றமும் தீர்க்கவில்லை. நம் தோட்டத்துக் கோயிலில் திருவிழாக் கணக்கைப் பற்றி ஐயம் எழுந்தால் என்ன செய்வோம்? பொருளாளரைத் திருடன் என்று சொல்லவும் மாட்டோம். கணக்குப் பார்த்து முடியும்வரை உண்டியல் சாவியை அவர் கையில் கொடுக்கவும் மாட்டோம். தோட்டத்துக்குத் தெரிந்த இந்த நியாயம் நாட்டை ஆள்வோருக்குத் தெரியாதா?

நான் மிஷன் பாடசாலையில் படித்தவன். பிலாத்து கை கழுவிய கதையை அங்கே பலமுறை கேட்டிருக்கிறேன். நீதி வழங்கவேண்டியவன் கையைக் கழுவினால் பழி அகன்றுவிடாது. இங்கேயும் அதுவே நடந்தது. நம் நாட்டில் விசாரித்து முடிக்காததால், 2023இல் அமெரிக்காவும் 2025இல் பிரித்தானியாவும் அவர்மீது தடை விதித்தன. அயல்நாட்டுத் தடையும் விசாரணையாகாது. அதனால் அவருக்கும் நீதியில்லை. பிள்ளையைத் தேடும் தாய்மாருக்கும் நீதியில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2010 ஜனவரியில் ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்ட முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா அடுத்த மாதமே கைது செய்யப்பட்டார். இராணுவ நீதிமன்றம் அவருடைய பதவிநிலையையும் பதக்கங்களையும் பறித்தது, சிறைத்தண்டனையும் கிடைத்தது. 2015இல் ஆட்சி மாறியதும் முழு மன்னிப்பு அளிக்கப்பட்டு, அவர் பீல்ட் மார்ஷலானார். 2016இல் தேசியப் பட்டியல் மூலம் பாராளுமன்றம் புகுந்து அமைச்சருமானார். ஐந்தாறு ஆண்டுக்குள் ஒரே மனிதர் குற்றவாளியும் அமைச்சரும் ஆனார். இரண்டையும் செய்தது ஆட்சியாளரின் பேனாதானே என்று மக்கள் ஐயுற்றால் அவர்களைக் குறைகூற முடியுமா? 2020இல் அவர் கம்பஹா மாவட்டத்தில் மக்கள் வாக்கால் வென்றார். அந்த வழியைப் பற்றி எனக்கு ஆட்சேபம் குறைவு; அங்கே தீர்ப்பளித்தவர்கள் மக்கள்.

நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவர்களை ஒதுக்குவதா என்று பெரியோர் கேட்கலாம். படையிலிருந்தவர் பதவிக்கு வரவே கூடாது என்பது என் வாதமன்று. அமெரிக்காவில் பாதுகாப்புச் செயலாளராக வரும் முன்னாள் படையதிகாரி படையை விட்டு 7 ஆண்டு கழிந்திருக்க வேண்டும் என்று அப்போது சட்டம் இருந்தது. 2017இல் மாட்டிஸ், 2021இல் ஒஸ்டின் ஆகிய ஜெனரல்களுக்காகக் காங்கிரஸ் தனிச்சட்டம் இயற்றியே விலக்களித்தது. பழியில்லாத ஜெனரலுக்கே அத்தனை ஆராய்ச்சி என்றால், பழிச்சொல் நிற்பவருக்கு எவ்வளவு வேண்டும்! வள்ளுவரும் ‘தெரிந்து தெளிதல்’ என்ற அதிகாரத்தை முன்னே வைத்து, ‘தெரிந்து வினையாடல்’ என்பதை அதன்பின் வைத்தார். ஆராய்ச்சி முந்தியது, பொறுப்பு பிந்தியது.

அன்பர்களே, ஆராயாமல் பேனா முனையால் ஒதுக்கப்படுவது என்னவென்று மலையகத்தவராகிய நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிமாரை நாடற்றவராக்கியது. அக்குறை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம். ஆதலால் எந்தத் தளபதிமீதும் ஆராயாத பழியை நாம் சுமத்தலாகாது. அதே நியாயத்தால், ஆராயாமல் பழியைத் துடைத்துப் பதவி கொடுப்பதையும் ஏற்கலாகாது. பழி தீரும் இடம் நீதிமன்றம். பதவி அதற்குப் பின்னரே. நாளை நம் வாசலுக்கு வாக்குக் கேட்டு வருவோரிடம், மலர்மாலையோடு இந்தக் கேள்வியையும் கொடுப்போமாக.