ஆங்கிலச் சொற்களின் அசையும் ஈறும்



வேற்றுமொழிச் சொற்களை வரம்பின்றிக் கொண்டதனாலேயே ஆங்கிலம் வளர்ந்தது, தமிழும் அவ்வாறே கொள்ளுக என்பார் இன்றும் உளர். அங்ஙனம் கொண்டபின் அம்மொழியின் சொல்லமைப்பு என்னவாயிற்று என்பதை அவர் நோக்குவதில்லை. ஓர் ஆங்கிலச் சொல் அசைகளாக எங்குப் பிரிகின்றது, முதனிலையும் ஈறுமாக எங்குப் பிரிகின்றது என இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அது விளங்கும்.

இவ்விரு பிரிப்பும் எப்போதும் ஒன்றாயிருப்பதில்லை. 'செய்தான்' என்பது செவிக்குச் செய்-தான் என ஈரசை. இலக்கணத்திற்குச் செய்+த்+ஆன் என மூவுறுப்பு. கற்பிப்போரைக் குறிக்கும் 'டீச்சர்' என்னும் ஆங்கிலச் சொல்லும் டீச்+அர் என நின்று, டீ-ச்சர் என ஒலிக்கின்றது. மெய்யின்மேல் உயிர் ஏறுதல் ஆங்கிலர்க்கும் இயல்பே, இதில் குறையொன்றுமில்லை. ஆயின், நன்னூலார் பகுபத உறுப்பு ஆறெனத் தெளித்துவிட்டமையால் தமிழ் மாணவன் இவ்வேறுபாட்டை இளமையிலேயே கற்கின்றான். ஆங்கிலத்திலோ, அச்சில் வரியிறுதியிற் சொல்லை உடைக்க நேர்ந்தால் எவ்வழி உடைப்பதென்பதிலேயே இரு மரபுகள் தோன்றின. அமெரிக்கராகிய நோவா வெப்சுட்டர் 1783இல் வெளியிட்ட எழுத்துக்கூட்டு நூலில் ஒலிப்பின்படியே பிரித்தார். அவர் நாட்டார் அவ்வழி நின்றனர். பிரித்தானிய அச்சகத்தார் பலர் சொற்பிறப்பையும் நோக்கினர்.

ஆங்கிலத்திற்கே உரிய ஈறுகள் பெரும்பாலும் முதனிலையைச் சிதைப்பதில்லை. 'கிங்' அரசன்; 'கிங்டம்' அரசு. 'கைண்டு' அன்புடைய, 'கைண்டுனெசு' அன்புடைமை. முதனிலை தன் ஒலியும் அழுத்தமும் மாறாது நிற்ப, ஈறு பின்வந்து ஒட்டுகின்றது. இவ்வீறுகளுட் சில முன்னாளில் தனிச்சொற்களாய் வாழ்ந்தவை. 'டம்' என்பது தீர்ப்பு, ஆட்சி எனப் பொருள்பட்ட 'டோம்' என்னும் பழஞ்சொல். கேடான முடிவைக் குறிக்கும் 'டூம்' ஆக அது இன்றும் தனித்து வழங்குகின்றது. நட்புள்ள என்று பொருள்படும் 'பிரண்டுலி' என்பதன் 'லி', உடல், வடிவு என்னும் பொருளுடைய 'லீக்' தேய்ந்தது. சொல் தேய்ந்து ஈறாதல் தமிழறிந்தார்க்குப் புதிதன்று.

இலத்தீனும் கிரேக்கமும் தந்த ஈறுகளின் செய்தி வேறு. 'சேன்' என்றால் தெளிந்த மதியுடைய. 'இட்டி' என்னும் ஈறு சேர்ந்ததும் அது 'சானிட்டி' என உயிர் திரிகின்றது. மின்சார்ந்ததைக் குறிக்கும் 'எலெக்ட்ரிக்' அவ்வீறு பெற்று 'எலெக்ட்ரிசிட்டி' ஆகும்போது ககர மெய் சகரமாகின்றது. 'போட்டோகிராப்' என்பதில் அழுத்தம் முதலசையில்; 'போட்டாகிரபி' என்பதில் இரண்டாமசையில்; 'போட்டோகிராபிக்' என்பதில் மூன்றாமசையில். எழுத்தில் ஒன்றாய் நிற்கும் முதனிலை வாயில் மூன்றாகின்றது! ஒளிப்படம், ஒளிப்படக்கலை, ஒளிப்படக்கருவி என்னும் சிறுவனுக்கு இத்தொல்லை ஏது? விலக்குகளும் உள. அகன்ற என்னும் 'வைடு', சொந்த ஈறு பெற்றே 'விட்த்து' எனத் திரிகின்றது. கடன்வந்த 'மென்ட்டு' பெரும்பாலும் முதனிலையைத் திரிப்பதில்லை. ஆயினும் பெருவழக்கு மேற்கூறியதே.

வேர் அறியாச் சொல்லைச் செவி எங்கு வெட்டும் என்பதற்கு 'எலிகாப்டர்' ஒன்றே போதும். பிரெஞ்சுக்காரராகிய பொந்தோன் தமேக்கூர் 1861இல் படைத்த சொல்லின் வழியது அது. சுருள் எனப் பொருள்படும் 'எலிகோ', சிறகு எனப் பொருள்படும் 'ப்தெரான்' என்னும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு. ப், த் என்னும் இரு மெய்களும் கூடி மொழிமுதலாதல் ஆங்கில ஒலிமரபிற்கு ஒவ்வாது. ஆகவே ஆங்கிலர் அதனை எலி-காப்டர் எனத் துணித்தனர். பின்னர்க் 'காப்டர்' தனியே ஊர்திப் பெயராயிற்று. அஃது இறங்கும் இடம் 'எலிபோர்ட்டு' ஆயிற்று. இத்துண்டுகள் எவையும் கிரேக்கனுக்கு விளங்கா. (தமிழனுக்கு விளங்கும் 'எலி' வேறு!) உலங்கூர்தி என்பதில் ஊர்தி எதுவெனக் கேட்பார் இல்லை.

இக்கேட்டினை ஆங்கிலருள்ளேயே உணர்ந்தார் ஒருவர் இருந்தார். டார்செட்டுப் பகுதியிற் பள்ளியாசிரியராயிருந்து பின் சமயகுருவான பாவலர் வில்லியம் பார்ன்சு (1801-1886) அவர். 'கிராமர்' என்னும் கிரேக்க வழிச் சொல்லை விலக்கிப் பேச்சு, திறம் எனப் பொருள்படும் இரு சொந்தச் சொற்களைக் கூட்டிச் 'சுபீச்கிராப்ட்டு' என்றார். 1878இல் அப்பெயராலேயே நூலும் வெளியிட்டார். செடிநூலாகிய 'பாட்டனி'க்கு அவர் அமைத்தது 'வொர்ட்லோர்'. 'வொர்ட்' பூண்டு, 'லோர்' அறிவு. கற்றோர் அவர் ஆக்கங்களுட் பெரும்பாலானவற்றை ஏற்கவில்லை. ஆங்கிலச் சிறுவன் இன்றும் 'பாட்டனி' என்றே படிக்கின்றான். அதில் செடி எங்கே என்று கேட்டால் அவன் கிரேக்க அகரமுதலியைத்தான் புரட்ட வேண்டும்.