ஒப்பாரியிலிருந்து உரிமைப் பாட்டு வரை

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் சங்கத்தின் சார்பில் பட்டிப்பொலயில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

பாட்டு, நடிப்பு, சித்திரம், களிமண் வேலை ஆகியவற்றால் மனக்காயத்தை ஆற்றலாம் என்று இன்று உலகெங்கும் பேசுகிறார்கள். கலைவழி ஆற்றுப்படுத்தல் என்பது அதன் பெயர். பெயர்தான் எமக்குப் புதிது, காரியம் பழையது.

எமது தோட்டங்களில் சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். இறந்தவருக்காகத் தொடங்கும் பாட்டு, மெல்ல மெல்லத் தன் சொந்தக் கவலைக்கு வந்துவிடும். கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மலைக்குப் போனது, புருஷனின் குடி, தீராத கடன் என்று வேறெங்கும் சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம். யாரும் தடுப்பதில்லை. பக்கத்தில் இருப்பவள் தோளைக் கட்டிக்கொண்டு கூடவே அழுவாள். காமன் கூத்தில் ரதி புலம்பும்போது தோட்டமே கண்கலங்குவதும் இப்படித்தான். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் உறவுகளைப் பிரித்துக்கொண்டு போன ரயிலை எமது மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் இருக்கும் இந்த ஊரில் அதற்கு விளக்கம் தேவையில்லை.

ஆனால் அழுது ஆறுவதோடு நின்றுவிட்டால், அழ வைத்த காரணம் அப்படியே இருக்கும். இதை முதலில் உணர்த்தியவர்களுள் ஒருவர் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள். தொழிலாளர் கூட்டங்களில் அவர் பாடினார். மக்களுக்குத் தெரிந்த மெட்டிலேயே அவர்களுடைய நிலைமையைச் சொன்னார். 1940இல் அந்தப் பாடல்கள் சிறு நூலாகவும் வந்தன. எமது பாடசாலை இளம் பருவத்தில் இருந்த காலம் அது. வாசிக்கத் தெரியாத தாய்மாருக்கும் அந்தப் பாட்டு விளங்கியது.

இன்னொரு பாடம் மட்டக்களப்பிலிருந்து. யுத்த காலத்தில், 1996இல், கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளாரும் அங்கே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்து மண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டி நடித்தார்கள். பகை மூண்டிருந்த இரு சமூகத்துப் பிள்ளைகள் ஒரே கதையில் பாத்திரமானதே ஒரு நியாயம்.

எமது லயங்களில் இன்று நடப்பது வேறு. தாய் வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போயிருக்க, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பாடசாலையில் பாட்டும் நடனமும் உண்டு; ஆனால் பெரும்பாலும் போட்டிக்கு. தோற்றவள் வாய் மூடிக்கொள்கிறாள்.

ஆகவே, நூற்றாண்டு நினைவாகக் கட்டடத்தோடு ஓர் அறையையும் கேட்கிறோம். சனிக்கிழமைகளில் அது திறந்திருக்கட்டும். அங்கே புள்ளி வேண்டாம், பரிசு வேண்டாம். பயிற்சி பெற்ற ஆலோசனை ஆசிரியை ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையையும் 'உன் கதையைச் சொல்' என்று வற்புறுத்தக் கூடாது. அவள் வரைந்ததை அவள் சம்மதமின்றி விழா மேடைக்குக் கொண்டுவரக் கூடாது. அவளுக்கு ஆபத்து என்று தெரிந்தால், படத்தைப் பாராட்டிவிட்டுச் சும்மா இருக்கவும் கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அறிவிப்பது எமது கடமை.

வெளிநாட்டிலுள்ள சகோதரிகள் வர்ணமும் தாளும் அனுப்பலாம். அருகிலுள்ளோர் நேரத்தைத் தரலாம். பாட்டிமாரின் ஒப்பாரியையும் தாலாட்டையும் எழுதிக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் கொடுக்க எல்லோராலும் முடியும். எமது பாட்டிமார் அழுதது பாட்டாயிற்று. எமது பிள்ளைகள் பாடுவது கேட்கப்படட்டும்.