வானிலிருந்து விழும் காற்று

காற்று நிலத்தையொட்டிக் கிடையாக வீசுவது என்பதே பொதுவான எண்ணம். ஆயினும், இடிமுகிலின் அடியிலிருந்து நேர் கீழாக விழும் காற்றும் உண்டு. குடத்து நீரை முற்றத்தில் கவிழ்த்தாற்போல, அது நிலத்தில் மோதியதும் நாற்றிசையும் பாயும். முகிலிலிருந்து விழும் மழை காற்றையும் உடன் இழுத்து வருகிறது. துளிகள் ஆவியாவதற்கும் ஆலங்கட்டிகள் உருகுவதற்கும் வேண்டிய வெப்பத்தை அக்காற்றே கொடுக்கிறது. கொடுத்துக் குளிர்ந்த காற்றுப் பாரமாகி விரைந்து வீழ்கிறது. வறண்ட நாடுகளில் மழை நிலத்தைத் தொடுமுன்னரே மறைந்துவிடும். கீழே புழுதி எழுவதொன்றே அடையாளம்.

1975 யூன் 24 ஆம் நாள் நியூயோர்க் நகரில் இறங்க வந்த விமானமொன்று ஓடுபாதையை அடையுமுன் வீழ்ந்தது. அதிலிருந்த 124 பேரில் 113 பேர் மாண்டனர். சிறிது முன்னர் இறங்கிய சரக்கு விமானத்தின் விமானி, ஓடுபாதையை மாற்றுமாறு சொல்லியிருந்தார். மாற்றப்படவில்லை.

இவ்விபத்தை ஆராய்ந்தவர் சிக்காகோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தெற்சுயா புயித்தா. யப்பானியரான அவர், அணுக்குண்டு வீழ்ந்த நாகசாக்கியில் மரங்கள் ஒரு மையத்திலிருந்து வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்ததை 1945 இற் கண்டவர். 1974 இன் சூறாவளிகளுக்குப் பின் அமெரிக்கக் காடுகளிலும் அதே கோலத்தைக் கண்டார். அறிஞர் பலர் அவர் கூற்றை ஐயுற்றனர். 1978 இல் சிக்காகோவை அடுத்து நடத்திய அவதானிப்பில் றேடாரே அதற்குச் சான்று தந்தது.

விமானிக்கு இக்காற்றுச் செய்யும் வஞ்சனை விந்தையானது. முதலில் எதிர்க்காற்றாகி விமானத்தை உயர்த்தும். உயர்வு மிகுந்ததென விமானி இயந்திரத்தின் வலுவைக் குறைப்பார். அடுத்த கணம் மேலிருந்து அழுத்தும். பின்னர் பின்காற்றாகி இறக்கைகளின் தாங்குவலுவைப் பறிக்கும். நிலமோ அண்மையில். எல்லாம் சில விநாடிகளுள் முடிந்துவிடும்.

1985 ஓகஸ்ட் 2 ஆம் நாள் டலஸ் விமான நிலையத்தருகே இவ்வாறே 137 உயிர்கள் போயின. அதன் பின்னரே விமானங்களில் எச்சரிக்கைக் கருவிகள் கட்டாயமாயின. விமான நிலையங்களுக்கெனத் தனி றேடார்களும் அமைக்கப்பட்டன. ஆயினும் 1994 யூலை 2 ஆம் நாள் வட கரோலினாவின் சாலற் நகரில் மேலும் 37 பேர் இறந்தனர். அங்கு அமையவேண்டிய றேடார் அதுவரை அமைக்கப்பட்டிருக்கவில்லை.